ஜீனோவின் குரல்

ஜீனோவின் குரல் எப்படி இருக்கும் என்று என்னிடம் முதலில் கேட்டவர் எங்கள் ஆயா. எண்பதுகளில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்த காலம். புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குக் கிழக்கே இருந்த எங்கள் சின்ன ஊரில் விகடன் வாங்கும் வீடு ஒன்றுதான். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்த மாமாவின் வீடு அது. அவர்கள் படித்து முடித்து, அடுத்த தெரு டீச்சர் வீட்டுக்குப் போய்த் திரும்பி, அட்டை கழன்ற நிலையில் எங்களிடம் வரும். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. களை எடுத்துவிட்டு வந்து, கால் கழுவி, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "படி" என்பார்.

நான் படிப்பேன். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ எல்லாரும் என் ஒரே குரலில் பேசுவார்கள். ஒருநாள் ஆயா இடைமறித்தார். "எல்லாரும் ஒன்ன மாதிரியேவா பேசுவாங்க? அந்த நாயிக்கு ஒரு கொரலு வேணாமா? கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா யாரு பேசறதுன்னு தெரிய வேணாமா?" அதற்குப் பிறகு ஜீனோ வரும் இடங்களில் கொஞ்சம் மூக்கால் பேசினேன். ஜீவாவுக்குத் தொண்டையை இறுக்கிக்கொண்டேன். நிலா அழும் இடத்தில் ஆயாவும் மூக்கை உறிஞ்சுவார். எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

காதால் கதை கேட்பது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பழகிய காரியம். புதுச்சேரி வானொலி நிலையம் 1967இல் தொடங்கியது. வில்லியனூரிலும் பாகூரிலும் டீக்கடை, சலூன், நெல் மிஷின் என்று எங்கே போனாலும் அதன் குரல் கேட்கும். நாடகம் இருக்கிற இரவுகளில் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக் கடை சீக்கிரமே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிச்சித்திரம். மூன்று மணி நேரப் படத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி வசனத்தையும் பாட்டையும் மட்டும் கொடுப்பார்கள். கொட்டகைக்கே போகாதவர்கள் சிவாஜி படங்களின் வசனத்தை ஒப்பிப்பார்கள். இரவில் காற்று ஒத்துழைத்தால் இலங்கை வானொலியும் தெளிவாகக் கிடைக்கும். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடரைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொந்தக்காரர் வீட்டுக் கதை போலப் பேசிக்கொள்வார்கள்.

'என் இனிய இயந்திரா'வைப் படிக்காதவர்களுக்காகக் கதையை இங்கே கொஞ்சம் சொல்கிறேன். நம்முடைய இந்த 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்டது அது. இந்தியா ஜீவா என்ற ஒற்றை மனிதனின் கையில் இருக்கிறது. மக்களுக்கு எண் உண்டு, இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கிடையாது. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். வயதானவர்கள் வாழ்வதற்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். நிலாவின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். அவனைத் தேடும் நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற பொம்மை நாய். புத்தகம் படிக்கிற, யோசிக்கிற, தானே முடிவெடுக்கிற இயந்திர நாய். இதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' வந்தது. முதல் கதை தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முன்நின்றவர். இயந்திரமும் அரசாங்கமும் எங்கே சந்திக்கும் என்று அவருக்குக் கிட்டத்தில் தெரியும்.

நான் படித்து, ஆசிரியையாகி, வில்லியனூர், பாகூர்ப் பள்ளிகளில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஜீனோ அலமாரியில் ஒரு புத்தகமாக மட்டும் இருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பாகூர்ப் பக்கம் கரும்பு படுத்துவிட்டது, வாழை ஒடிந்துவிட்டது, தெருவுக்குத் தெரு மரமும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டி.வி. இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. பழைய டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்கள் வீட்டு வாசலில் செய்தி கேட்கக் கூட்டம் நிற்கும். புத்தாண்டும் இருட்டோடுதான் பிறந்தது.

பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை, பயமும் தெளியவில்லை. சாயங்காலமானால் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஜீனோ கதையைப் படித்தேன். ஆயா சொல்லிக்கொடுத்தபடியே ஆளுக்கொரு குரல். இரண்டாம் நாள் பிள்ளைகளே பங்கு கேட்டார்கள். "நான் ரவி மிஸ்", "நான் போலீஸ்" என்று. கதவு திறக்கும் சத்தத்துக்கு ஒருவன் மரப்பெட்டியை இழுத்தான். பேட்டரி தீர்ந்துபோன பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுழற்றி ஜீனோ நடக்கும் ஓசையைக் கொண்டுவந்தாள் ஒரு பெண். வெளிச்சமில்லாத அந்த நாட்களில், விஞ்ஞானக் கதை காதுக்கு எவ்வளவு பொருத்தமானது என்று எனக்குப் புரிந்தது. கண்ணுக்குக் காட்ட வேண்டுமென்றால் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். காதுக்கு ஒரு சின்ன ஓசை போதும், நகரத்தையே கேட்பவர் கட்டிக்கொள்வார்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சியில் வங்காளப் பெண்மணி ஒருவரோடு பழக்கமானேன். அரவிந்தர் 1910இல் புதுச்சேரிக்கு வந்ததிலிருந்து வங்காளிகளுக்கு இது இன்னொரு ஊர். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். நான் 'தானே' புயல் கதையைச் சொன்னதும் தன் செல்போனை எடுத்து, "இதைக் கேளுங்க அக்கா" என்று காதில் வைத்தார். பேராசிரியர் ஷோங்குவின் கதை. எனக்கு வங்காள மொழி தெரியாது. ஆனாலும் கிழட்டு விஞ்ஞானியின் நிதானமான குரல், பூனை, கண்ணாடிக் குடுவைகள் மோதும் ஓசை, திடீரென்று ஒரு அமைதி, அதற்குப் பின் வந்த பயம் எல்லாமே புரிந்தன.

ஷோங்கு சத்யஜித் ராய் படைத்த பாத்திரம். ராய் தம் தாத்தா உபேந்திரகிஷோர் தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகையை 1961இல் மீட்டெடுத்து நடத்தியபோது அதில் முதல் ஷோங்கு கதை வந்தது. கிரிடியில் வீடு, நியூட்டன் என்ற பூனை, பிரகலாத் என்ற வேலையாள், விதுசேகர் என்ற இயந்திர மனிதன். 1992இல் ராய் இறந்தபோது 38 முழுக்கதைகளும் முடியாத இரண்டு கதைகளும் இருந்தன. கொல்கத்தாவின் ரேடியோ மிர்ச்சி நிலையம் 2009இல் 'சண்டே சஸ்பென்ஸ்' என்ற ஞாயிற்றுக்கிழமை நாடக நிகழ்ச்சியைத் தொடங்கி, ராயின் கதைகளை எடுத்துக்கொண்டது. ஷோங்குவும் அதில் வந்தார். பல குரல், இசை, பின்னணி ஓசை எல்லாம் சேர்த்த முழு நாடகங்கள். சின்ன வயதில் 'சந்தேஷ்' படித்த தலைமுறையும், வங்காள எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஷோங்குவைக் கேட்டார்கள். "என் பொண்ணு புத்தகத்தை அப்புறம்தான் தேடி எடுத்துப் படிச்சா" என்றார் அந்தத் தோழி. அந்த வார்த்தை வெகுநாள் என் மனதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் இன்னொரு பெரிய கதை கிடைத்தது. பி.பி.சி. தொலைக்காட்சியில் 1963 நவம்பரில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற விஞ்ஞானக் கதைத் தொடரை 1989 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. 1999 ஜூலையில் பிக் ஃபினிஷ் என்ற சின்ன நிறுவனம், முறையாக உரிமம் வாங்கி, பழைய நடிகர்களையே மைக்குக்கு முன்னால் உட்காரவைத்துப் புதிய நாடகங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தது. திரையில் அப்போது ஒரே ஒரு படத்தோடு நின்றுபோயிருந்த, பால் மெக்கன் நடித்த டாக்டருக்கு ஒலியில் ஆண்டுக்கணக்கில் வாழ்வு கிடைத்தது. 2005இல் தொலைக்காட்சித் தொடர் திரும்பி வந்தபோது ராபர்ட் ஷியர்மன் எழுதிய 'டாலெக்' என்ற அத்தியாயம், 2003இல் அவர் பிக் ஃபினிஷுக்கு எழுதிய ஒலிநாடகத்திலிருந்து பிறந்தது. பதினாறு ஆண்டுகள் சும்மா கிடந்திருக்க வேண்டிய கதையை ஒலி காப்பாற்றி வைத்திருந்து, திரும்பவும் திரைக்குக் கொடுத்தது.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்தபோது, சுஜாதா கற்பனை செய்த ஆண்டுகளுக்கே நாம் வந்து சேர்ந்திருந்தோம். பாகூர்க் கொம்யூனின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு ஊரடங்கின்போது நாங்கள் பட்டபாடு தெரியும். புதுச்சேரி கிராமமும் கடலூர் மாவட்டக் கிராமமும் கை கோத்துக் கிடக்கும் மண் இது. ஒருவருடைய வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம். முள்ளோடையில் தடுப்பு போட்டு இ-பாஸ் கேட்டார்கள். பெண் கொடுத்த ஊருக்குப் போக அனுமதி, அறுவடைக்கு ஆள் வர அனுமதி, சாவுக்குப் போக அனுமதி. காரணம் நோய்த்தொற்று, அது நியாயமான காரணம். ஆனாலும் எட்டாம் வகுப்பில் நான் ஜீனோ கதையைச் சொல்ல ஆரம்பித்ததும், நிலா அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் இடத்தில் பிள்ளைகள் யாரும் விளக்கம் கேட்கவில்லை. "இ-பாஸ் மாதிரி மிஸ்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. ஆதார் எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் தலைமுறை இது. மக்களுக்கு எண் கொடுப்பது இவர்களுக்குக் கற்பனையாகவே தோன்றவில்லை.

அந்த வகுப்பை வைத்து ஒலிநாடகம் போடுவதென்று முடிவு செய்தோம். பதிவு செய்து வெளியிட எங்களுக்கு உரிமை கிடையாது. சுஜாதாவின் எழுத்துக்கு உரிமை அவர் குடும்பத்தாரிடம் இருக்கிறது. ஆனால் ஒரு கல்வி நிறுவனத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் பள்ளி நடவடிக்கையாக, மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் மட்டும் கேட்க ஒரு படைப்பை நிகழ்த்தினால் அது உரிமை மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வழியில் போனோம். செல்போனில் யாரும் பதிவு செய்யக் கூடாது என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம்.

ஒரு மாணவியின் தாத்தா தெருக்கூத்துக் கலைஞர். பேத்தி வசனம் படிப்பதைக் கேட்கப் பள்ளிக்கு வந்தவர், எங்களுக்கு வாத்தியாராகவே ஆகிவிட்டார். அடிவயிற்றிலிருந்து குரல் எடுப்பது, மூச்சை எங்கே விடுவது, எதிராளி பேசும்போது எப்படிக் காதைக் கொடுப்பது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தார். "மூஞ்சி தெரியாத எடத்துல கொரலுக்குத்தான்மா வேஷம் கட்டணும்" என்பார். முகவீணையைக் கொண்டுவந்து மெல்ல ஊதினார். தொலைதூரத்துச் சைரன் போல ஒரு ஓசை வந்தது. ஜீவாவின் காவலர்கள் வரும் இடத்துக்கெல்லாம் அதையே வைத்துக்கொண்டோம். மத்தளத்தில் விரல் நுனியால் தட்டியது நிலாவின் நெஞ்சுத் துடிப்பு ஆனது.

ஜீனோவின் குரலுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. பானைக்குள் பேசினோம், பிளாஸ்டிக் குழாய்க்குள் பேசினோம், தகர டப்பாவுக்குள் பேசினோம். இயந்திரம் என்றால் வார்த்தை வார்த்தையாக வெட்டிப் பேச வேண்டும் என்று எல்லாரும் நினைத்தோம். ஒத்திகை ஓட ஓட ஒன்று உறுத்தியது. அந்தக் கதையில் மனிதர்கள்தாம் பயத்தில் ஒப்பித்ததையே ஒப்பிக்கிறார்கள். கேள்வி கேட்பதும், கேலி செய்வதும், நிலா சாப்பிட்டாளா தூங்கினாளா என்று கவலைப்படுவதும் ஜீனோ. ஆகவே பானையையும் குழாயையும் காவலர்களுக்கும் அரசாங்க அறிவிப்புகளுக்கும் கொடுத்துவிட்டோம். ஜீனோவாக நடித்த பெண் வெறும் வாயால், தன் சொந்தக் குரலில், கொஞ்சம் துடுக்காகப் பேசினாள். அதோடு நாடகம் நிமிர்ந்தது. புத்தகத்தில் இதைப் படிக்கிறவர் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒலியில் முதல் நிமிடத்திலேயே காது சொல்லிவிடுகிறது. ஒரு நல்ல கதையை வேறொரு வடிவத்துக்குக் கொண்டுபோவதன் பயன் இதுதான் என்று நான் நம்புகிறேன். அதில் ஏற்கெனவே இருந்த உயிர் இன்னொரு பக்கத்திலிருந்து தெரிகிறது.

நாடகத்தன்று கூடத்தின் நடுவே கூத்துக்காரர்கள் பிடிக்கும் திரையைக் கட்டினோம். பிள்ளைகள் அதற்குப் பின்னால், பெற்றோர் முன்னால் பாயில். சவுண்ட் சர்வீஸ்காரர் இரண்டு பாக்ஸை வைத்துவிட்டு, காசு வேண்டாம், தானும் உட்கார்ந்து கேட்கிறேன் என்றார். அவர் மகனும் அந்த வகுப்புதான். விளக்கை அணைத்தோம். கரும்பு வெட்டிவிட்டு நேராக வந்திருந்தவர்கள், கட்டட வேலைக்குப் போய்வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் எல்லாரும் இருட்டில் உட்கார்ந்து, 2020களைப் பற்றி எண்பதுகளில் எழுதிய ஒரு கதையைக் கேட்டார்கள். சிபி காணாமல் போன இடத்தில் ஒரு அம்மா சத்தமாகவே, "ஐயோ, அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?" என்றார். ஜீனோ முதல்முறை பேசியபோது குழந்தைகள் கைதட்டினார்கள். முடிந்ததும் பலர் புத்தகத்தின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். பள்ளி நூலகத்திலிருந்த பிரதி பல மாதங்கள் அலமாரிக்குத் திரும்பவே இல்லை.

காதால் கேட்டுப் படிப்பது பாகூருக்குப் புதிது அல்ல என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. இங்கே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடுகள், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைச் சொல்கின்றன. அந்தக் கல்லூரியில் வாயால் சொல்வதும் காதால் வாங்குவதும்தான் படிப்பு. கேள்வியைச் செல்வத்துள் செல்வம் என்று வைத்த மொழி நம்முடையது. ஒலிநாடகத்தை அழிந்துபோன பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவைக்க ஒரு நியாயமும் இல்லை.

தமிழில் அப்படி யாரும் ஒதுக்கவும் இல்லை. கல்கியின் நாவல்கள் நாட்டுடைமையானதால் யாரும் எடுத்துச் செய்யலாம். 'பொன்னியின் செல்வ'னைப் பாம்பே கண்ணன் பல குரல்களோடு, இசையோடு முழுமையாக ஒலி வடிவில் கொண்டுவந்தார். வெளிநாட்டில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் காரில் போகும்போது வந்தியத்தேவனைக் கேட்கிறார்கள். தனிக்குரலில் வாசித்த ஒலிப்புத்தகங்களும் இன்று நிறையக் கிடைக்கின்றன, நல்லவையும் உண்டு. ஆனால் சோழர் காலத்துக்குக் கிடைத்த பல குரல் நாடகம், தமிழின் எதிர்காலக் கதைகளுக்கும் வேண்டும். குதிரைக் குளம்பொலியை அவ்வளவு அழகாகக் கொண்டுவந்த நம் ஒலிக்கலைஞர்களுக்கு, இயந்திர நாயின் காலடியைக் கொண்டுவருவது கடினமான வேலை இல்லை.

செய்ய வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 1956 முதல் ஒரே நாடகத்தைப் பல இந்திய மொழிகளிலும் நிகழ்த்திக் காட்டிய அகில பாரத நாடக நிகழ்ச்சியின் அனுபவம் ஆகாசவாணியிடம் இருக்கிறது. அதன் தமிழ் நிலையங்களில் நாடகம் தெரிந்த குரல்கள் இன்னும் இருக்கின்றன. தனியார் பண்பலைகளுக்குக் கொல்கத்தா வழி காட்டிவிட்டது. உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாகப் பேசி, அவர்களுக்கு உரியதைக் கொடுத்து, 'என் இனிய இயந்திரா'வையும் 'மீண்டும் ஜீனோ'வையும் வாரத்துக்கு ஒரு பகுதியாக ஒலிபரப்பினால், வில்லியனூர் டீக்கடையிலும் டொரண்டோ வீட்டுச் சமையலறையிலும் ஒரே வாரத்தில் கேட்பார்கள். எங்கள் கூத்துக்காரர்களையும் கூப்பிடுங்கள். அவர்களிடம் இன்னும் யாரும் கேட்காத ஓசைகள் இருக்கின்றன.

சுஜாதா 2008 பிப்ரவரியில் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. சும்மா இருந்தால், யார் வேண்டுமானாலும் ஜீனோவுக்குக் குரல் கொடுக்கும் நாள் 2069 ஜனவரியில்தான் வரும். திரைக்குப் பின்னால் நின்று பேசிய என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்போது அறுபது வயது ஆகியிருக்கும். வானொலிக்காரர்களும் உரிமையாளர்களும் இந்த ஆண்டே உட்கார்ந்து பேச வேண்டும்.